அம்பாசிடரில் எச்.டி. காயில் அடிக்கடி போகிறதா? அடுத்ததை வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பழைய அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்கள் பலர் டிக்கியில் உபரி எச்.டி. காயில் (பேட்டரியின் 12 வோல்ட்டைப் பிளக்கில் பொறி பாய்வதற்கான ஹை வோல்டேஜாக மாற்றும் ஹை டென்ஷன் காயில்) ஒன்று இல்லாமல் வெளியூர் கிளம்புவதில்லை. பாயிண்ட் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் திறந்து மூடி, காயிலின் கரண்டை விட்டுவிட்டு ஓடவைக்கும் சுவிட்ச்) வைத்த வண்டியில் பொருத்தமான காயில் பல வருஷம் உழைக்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறதென்றால் அதை எரிப்பது வேறு ஏதோ ஒன்று. மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

1. போனது காயில்தானா?

சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் காயிலும் இருக்கலாம், பாயிண்டோடு சேர்ந்த சின்ன உருளையான கண்டென்சரும் இருக்கலாம், பெட்ரோல் பம்பில் வேப்பர் லாக்கும் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடுவது) இருக்கலாம். வண்டி நின்ற உடனே பாருங்கள், ஆறவிடாதீர்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடு ஒயரைக் கழற்றி, ரப்பர் உறை போட்ட பிளேயரால் பிடித்து, நுனியை இன்ஜின் பாடியிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது. பொறி நீலமாகச் சடசடவென்று பாய்ந்தால் காயிலை விட்டுவிட்டுப் பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். காயிலைவிட விலை குறைவு.

2. காயில் எத்தனை ஓம்?

முக்கால்வாசி சிக்கல் இங்கேதான். காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் கழற்றிவிட்டு மீட்டரை 200 ஓமில் வையுங்கள். முதலில் மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு வரும் அளவில் அதைக் கழியுங்கள். சின்ன டெர்மினல்கள் இரண்டுக்கும் நடுவே 3 ஓம் அளவில் இருந்தால் அது நேரடி 12 வோல்ட் காயில். 1.5 ஓம் அளவில் இருந்தால் அது பாலஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) மட்டுமே போடவேண்டியது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே டப்பா. கடையில் "அம்பாசிடர் காயில்" என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வருகிறதோ அதுதான்.

கணக்கைப் பாருங்கள். வண்டி ஓடும்போது 14 வோல்ட். பாயிண்ட் மூடியிருக்கையில் 3 ஓம் காயில் சுமார் 4.7 ஆம்பியர் இழுக்கும். பாலஸ்ட் இல்லாமல் 1.5 ஓம் காயில் போட்டால் 9.3 ஆம்பியர். சூடும் இரட்டிப்பு. உள்ளே எண்ணெய் கொதித்து மூடி ஓரம் கசியும், பாயிண்டும் கூடவே கருகும்.

3. வண்டியில் பாலஸ்ட் இருக்கிறதா?

கண்ணால் தேடி ஏமாறாதீர்கள். சில வண்டிகளில் அது ஒயரிங்குக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் ஒயராக இருக்கும். கழற்றிய ஒயர்களை மாட்டி, பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டு, சாவியிலிருந்து காயிலுக்கு ஒயர் வரும் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். பேட்டரி அளவே வந்தால் பாலஸ்ட் இல்லை, 3 ஓம் காயில்தான் வேண்டும். 6 முதல் 8 வோல்ட் வந்தால் இருக்கிறது. பார்த்ததும் சாவியை அணையுங்கள்.

4. சார்ஜிங், பாயிண்ட், பிளக்

இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்து பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 14.5 வரை பரவாயில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட வேண்டாம். பாயிண்ட் இடைவெளி அம்பாசிடரில் 14 முதல் 16 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இடைவெளி குறைந்தால் பாயிண்ட் அதிக நேரம் மூடியே இருக்கும், காயில் சூடேறும். பிளக் இடைவெளி 25 தௌ.

5. இரண்டு பழக்கங்களை விடுங்கள்

இன்ஜின் ஓடாமல், பாட்டுக் கேட்க இக்னிஷன் சாவியைப் போட்டு வைப்பது. பாயிண்ட் மூடிய இடத்தில் நின்றிருந்தால் கரண்ட் இடைவிடாமல் காயிலுக்குள் ஓடும். ரேடியோவுக்குத் தனி ஃபியூஸ் வைத்து பேட்டரியிலிருந்து நேராக லைன் கொடுங்கள்.

இரண்டாவது, மிஸ்ஸிங் (எந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று) பார்க்க ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. பல மெக்கானிக்குகள் இன்றும் செய்கிறார்கள், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். வெளியே பாய வழியில்லாத ஹை வோல்டேஜ் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைத் துளைத்துவிடும். பிளக் ஒயர் உள்ளே அறுந்திருந்தாலும் இதே கதிதான், அதனால் புதுக் காயில் போடும்போது ஒயர்களையும் மீட்டரில் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் அரை மணி ஓட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காயில் டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுடலாம், ஆனால் கையைச் சில விநாடி வைத்திருக்க முடியவேண்டும். முடியவில்லையென்றால் மறுபடியும் இரண்டாம் படியிலிருந்து அளந்து வாருங்கள்.