ஹோம்ஸ்கூல் ஆண்டு மதிப்பீடு: மே மாதம் பதறாமல் இருக்க

அமெரிக்காவில் பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது, தங்கள் மாநிலச் சட்டத்தை நேராக எடுத்துப் படிப்பது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்வது அவர் மாநிலத்துக்கு மட்டும் சரியாக இருக்கும். டெக்சாஸில், பிள்ளை முன்னேறியதா என்று பார்க்கும் ஆண்டு மதிப்பீடே கேட்பதில்லை. வர்ஜீனியாவில் ஆகஸ்ட் 1-க்குள் முன்னேற்றச் சான்று போயாக வேண்டும். பென்சில்வேனியாவில் ஜூன் 30 கெடு. ஃபுளோரிடாவில் பொதுவாக, ஹோம்ஸ்கூல் தொடங்குவதாக நீங்கள் கடிதம் கொடுத்த தேதிதான் வருஷா வருஷம் உங்கள் கெடு.

கேட்கும் விதமும் வேறுபடும். ஃபுளோரிடாவில் ஐந்து வழிகள் உண்டு. பெரும்பாலோர் எடுப்பது, மாநிலச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் ஒருவர் போர்ட்ஃபோலியோவை (பதிவேடும் பிள்ளை எழுதிய தாள்களும் சேர்ந்த தொகுப்பு) பார்த்து, பிள்ளையோடும் பேசி, கையெழுத்திட்டுத் தருவதை. பென்சில்வேனியாவிலும் போர்ட்ஃபோலியோவும் நேர்காணலும் உண்டு. அதோடு 3, 5, 8-ஆம் வகுப்புகளில் தரப்படுத்தப்பட்ட தேர்வும் கட்டாயம். அந்தத் தேர்வைப் பெற்றோர் நடத்தக்கூடாது. மதிப்பீட்டாளராகப் பெற்றோரோ அவர் துணையோ இருக்கவும் முடியாது. சித்தி ஆசிரியையாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சட்டம் எப்படியிருந்தாலும் வெளியாள் கையெழுத்துதான் பிறகு கேள்வி வராமல் காக்கும்.

போர்ட்ஃபோலியோவில் பலரும் சறுக்குவது பதிவேட்டில்தான். ஃபுளோரிடா, பென்சில்வேனியா இரண்டு மாநிலச் சட்டங்களும் பாடம் நடக்கும்போதே எழுதிய பதிவேட்டையும், படித்த புத்தகங்களின் தலைப்புகளையும் கேட்கின்றன. மே மாதம் உட்கார்ந்து ஒரே பேனாவால் பள்ளி வருஷத்தின் 180 நாளையும் நிரப்பினால் பார்த்ததுமே தெரிந்துவிடும். தினமும் பக்கம் பக்கமாக எழுதவும் வேண்டாம். ஒரு நாளுக்கு மூன்று வரி போதும்:

‘அக்டோபர் 14. கணக்கு: பின்னக் கூட்டல், ஒரே பகுதி, 12 கணக்கு. வாசிப்பு: (புத்தகத் தலைப்பு), 4-ஆம் அத்தியாயம். அறிவியல்: உப்புக் கரைசல், ஆவியாதல், படம் வரைந்தாள்.’

‘கணக்கு செய்தாள்’ என்று மட்டும் எழுதினால் அந்த வரியால் பயனில்லை. வெள்ளிக்கிழமை இரவு 15 நிமிஷம் ஒதுக்கி, விட்டுப்போனதை நிரப்பிவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தமிழ்ப் புத்தகங்களையும் சேர்க்கலாம். தலைப்பை ஆங்கில எழுத்திலும் எழுதிவையுங்கள், பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமே.

அடுத்தது மாதிரிகள். ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று: தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. தேதி போடாத தாள் எதையும் நிரூபிக்காது, அதனால் அன்றன்றே மூலையில் தேதியை எழுதுங்கள். நூற்றுக்கு நூறு வாங்கிய தாள்களை மட்டும் பொறுக்கி அடுக்குவது நம் வீடுகளில் வழக்கமான தவறு. செப்டம்பரில் முற்றுப்புள்ளியே இல்லாமல் நான்கு வரி எழுதிய பிள்ளை, மே மாதத்தில் இரண்டு பத்தி எழுதி, தானே ஒரு வார்த்தையை அடித்துத் திருத்தியிருக்கிறது என்றால், அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்னேற்றம் அங்கேயே தெரிந்துவிடும். மொத்தம் 30, 40 தாள்; ஒரு பைண்டர் போதும். மூன்று பைண்டர் கொண்டுபோனால் யாரும் முழுசாகப் புரட்டமாட்டார்கள்.

பென்சில்வேனியாக்காரர்கள் பாடப் பட்டியலை இன்னொரு தடவை பார்க்கவும். தொடக்க வகுப்புகளில் தீ விபத்துத் தடுப்பு உள்ளிட்ட பாதுகாப்புக் கல்வியும், அந்த மாநில வரலாறும் அதில் உண்டு. கணக்கும் ஆங்கிலமும் அமோகமாக இருந்து, தீப் பாதுகாப்புக்கு ஒரு வரிகூட இல்லாத பதிவேடு நிறைய உண்டு. ஒரு மத்தியானம் வீட்டில் தப்பிக்கும் வழியைப் படமாக வரையச் சொன்னால் அதற்கு ஒரு தாள் கிடைத்துவிடும்.

தேர்வு வழியில் போகிறவர்கள் மதிப்பெண் தாளைத் தப்பாகப் படித்துக் கலங்குவதுண்டு. பர்சென்டைல் 45 என்பது நூற்றுக்கு 45 மார்க் இல்லை. ஒப்பீட்டுக்கு எடுத்த அதே வகுப்புப் பிள்ளைகளில் சுமார் 45 சதவீதம் பேரைவிட மேல் என்று பொருள். நடுவில் இருக்கிறாள், அவ்வளவுதான். வர்ஜீனியா கேட்பது மொத்த மதிப்பெண்ணில் நான்காவது ஸ்டனைன் (மதிப்பெண்களை ஒன்று முதல் ஒன்பது வரை பிரிக்கும் படி) அல்லது அதற்கு மேல். அது சுமார் 23-ஆம் பர்சென்டைலில் தொடங்குகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘கிரேடு ஈக்விவலன்ட் 6.2’ என்று வந்தால் ஆறாம் வகுப்புப் புத்தகம் வாங்கிவிடாதீர்கள். மூன்றாம் வகுப்புத் தாளை ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதினால் எடுக்கக்கூடிய மதிப்பெண் அது. ஆறாம் வகுப்புப் பாடம் தெரியும் என்று அது சொல்லவில்லை.

மதிப்பீட்டாளரைக் கெடுவுக்கு எட்டு வாரம் முன்பே பிடித்துவிடுங்கள்; கடைசி வாரங்களில் எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள். நேர்காணலில் பிள்ளை வாயடைத்துப் போகாமலிருக்க, முதல் நாள் பைண்டரை அவளையே புரட்டவிட்டு, பிடித்த மூன்று தாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பதிலை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம், அது உடனே தெரியும். அவள் தடுமாறும்போது பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம்.

முன்னேற்றம் போதவில்லை என்று முடிவானாலும் அன்றே பள்ளியில் சேர்த்துவிடச் சொல்வதில்லை. ஃபுளோரிடாவில் எழுத்துமூலம் தெரிவித்து, குறையைச் சரிசெய்ய ஒரு வருஷம் தருவார்கள். பிறகு மறு மதிப்பீடு.

அனுப்பும்போது கேட்டதை மட்டும் அனுப்புங்கள். பென்சில்வேனியாவில் 2014-க்குப் பிறகு மதிப்பீட்டாளரின் சான்று மட்டும் பள்ளி மாவட்டத்துக்குப் போனால் போதும், போர்ட்ஃபோலியோ உங்களிடமே இருக்கும். ஃபுளோரிடாவில் அதை இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 15 நாள் முன்னறிவிப்போடு மாவட்டம் பார்க்கக் கேட்கலாம். தபாலில் அனுப்பினால் அனுப்பியதற்குச் சான்று தரும் சர்டிஃபைட் மெயில், மின்னஞ்சல் என்றால் வந்துசேர்ந்தது என்ற பதில். இரண்டில் எதுவானாலும் ஒரு நகல் பைண்டரின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.