பழைய கியூபா டேவிடாஃப் சுருட்டை ருசித்துப் பிடிப்பது எப்படி?

டேவிடாஃப் என்ற பெயரில் இன்றும் சுருட்டு விற்கிறது, ஆனால் அது கியூபாவில் செய்ததல்ல. 1960களின் கடைசியில் தொடங்கி, ஹவானாவின் எல் லாகித்தோ ஆலையில் டேவிடாஃபுக்காகச் சுருட்டு சுற்றினார்கள். பிறகு சரக்கின் தரத்தைப் பற்றி, இந்தப் பெயருக்குரிய ஜெனிவா சுருட்டு வியாபாரி ஜினோ டேவிடாஃபுக்கும் கியூபா அரசு நிறுவனத்துக்கும் தகராறு முற்றியது. 1989-இல் அவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுருட்டுகளை விற்கத் தகுதியில்லை என்று சொல்லி எரித்தார். அடுத்து உற்பத்தி டொமினிக்கன் குடியரசுக்குப் போனது. 1991-க்குப் பிறகு கியூபா டேவிடாஃப் இல்லை. ஆக, இன்று ஒன்று கையில் கிடைத்தால் அதற்கு முப்பது வயதுக்கு மேல்.

ஏற்கெனவே சுருட்டு பிடிப்பவர், ஆனால் இவ்வளவு பழையதைத் தொட்டதில்லை என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். புகைப்பழக்கமே இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

1. முதலில் பெட்டியின் அடிப்பாகத்தைப் பாருங்கள்

போலி நிறைய உண்டு. அதைவிடப் பெரிய குழப்பம், டொமினிக்கன் சரக்கிலும் சுருட்டைச் சுற்றி அதே வெள்ளைக் காகிதப் பட்டை, 'நம்பர் 2' போன்ற அதே பெயர்கள். அதனால் பட்டையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெட்டியின் அடியில் 'எச்சோ என் கூபா', அதாவது கியூபாவில் செய்தது, என்ற முத்திரை இருக்க வேண்டும். 'முழுக்கக் கையால் செய்தது' என்று பொருள்படும் ஸ்பானிஷ் வரி 1989-இல்தான் சேர்ந்தது. 1982 பெட்டி என்று விற்பவர் சொல்லி, அந்த வரியும் அடியில் இருந்தால் காசை எடுக்காதீர்கள்.

1985 முதல் பெட்டிகளில் ஒரு ரகசிய எழுத்துக் குறி வந்தது. என், ஐ, வி, ஈ, எல், ஏ, சி, யு, எஸ், ஓ என்ற பத்து ஆங்கில எழுத்துகளும் வரிசையாக 1 முதல் 9 வரை, கடைசி ஓ மட்டும் சுழியம். முதல் இரண்டு எழுத்து மாதம், அடுத்த இரண்டு வருடம். 'ஓ-ஈ-யு-யு' என்றால் 04, 88, அதாவது 1988 ஏப்ரல். அதற்கு முன்னால் இருக்கும் 'ஈ-எல்' எல் லாகித்தோ ஆலையைக் குறிக்கும். இதைப் படிக்கப் பழகிவிட்டால் விற்பவர் சொல்லும் கதையில் பாதி தேவையில்லை.

2. ஒரு மாதமாவது சும்மா வையுங்கள்

ஏலத்தில் வாங்கியது, தபாலில் வந்தது எல்லாம் வெயிலிலும் குளிரிலும் அலைந்திருக்கும். ஈரப்பதம் 65 சதவீதத்தை ஒட்டியும், வெப்பம் 18 டிகிரியை ஒட்டியும் இருக்கும் பெட்டியில் வையுங்கள். காய்ந்திருந்தால் அவசரமாக ஈரம் ஏற்றக் கூடாது; மேல் இலை வெடித்துவிடும். சிறு வட்ட ஓட்டைகள் தெரிந்தால் புகையிலை வண்டு புகுந்திருக்கிறது, மற்றச் சுருட்டுகளிடமிருந்து உடனே பிரித்துவிடுங்கள். மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதை முதுமையின் அழகு என்று சிலர் மெச்சுவார்கள். பெரும்பாலும் அது பூஞ்சைதான்.

3. ஒத்திகைக்கு ஒரு புதுச் சுருட்டு

இதைத் தவிர்க்காதீர்கள். உதாரணத்துக்கு டேவிடாஃப் நம்பர் 2-இன் நீளம் 152 மில்லிமீட்டர், தடிமன் 38. தடிமனை ஓர் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள் என்பதால், இது சுமார் 15 மில்லிமீட்டர். கோஹிபா என்ற கியூபா சுருட்டில் கொரோனாஸ் எஸ்பெஸியாலெஸ் வகையும் இதே அளவுதான். அது கிடைக்காவிட்டால் ஒல்லியான வேறு எதுவும் சரி. ஒல்லிச் சுருட்டு சீக்கிரம் சூடேறும், சூடேறினால் கசக்கும். அந்தக் கசப்பைப் புதியதில் பார்த்துவிட்டால், விலையுயர்ந்ததில் எப்போது நிதானிக்க வேண்டும் என்று தெரியும்.

4. வயிறு, வாய், துணைக்குக் குடிப்பது

வெறும் வயிற்றில் பிடித்தால் நிகோட்டின் தலைசுற்ற வைக்கும். லேசாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். பூண்டு, காரக் குழம்பு அன்றைக்கு வேண்டாம். பக்கத்தில் சாதாரணத் தண்ணீர் போதும். விஸ்கியோடு பிடிப்பதுதான் வழக்கம் என்பார்கள், ஆனால் முப்பது வருடத்துப் புகையிலையின் மெல்லிய சுவையை விஸ்கி ஒரே மடக்கில் மூடிவிடும்.

5. வெட்டுவதும் பற்றவைப்பதும்

தலையில், அதாவது வாயில் வைக்கும் முனையில், சிறு வால்போல முறுக்கிவிட்டிருக்கும். அதை மட்டும், கூரான கத்தியால், மயிரிழை அளவு. அதிகம் வெட்டினால் மேல் இலை பிரியத் தொடங்கும். பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பாருங்கள். மரம், உலர்ந்த வைக்கோல், தேன் மாதிரி ஏதாவது நாக்கில் தட்டும்.

சீறிப் பாயும் டார்ச் லைட்டரும் பெட்ரோல் லைட்டரும் வேண்டாம். சிடார் மரச் சீவலில் தீயேற்றி, சுடர் சுருட்டைத் தொடாமல் சற்றுக் கீழே பிடித்து, சுருட்டை உருட்டிக்கொண்டே வாட்டுங்கள். விளிம்பு முழுக்கச் சிவந்த பிறகே முதல் இழுப்பு.

6. இனி நிதானம்

முதல் சில இழுப்பில் 'இதற்கா இவ்வளவு விலை?' என்று தோன்றலாம். புதுச் சுருட்டின் அம்மோனியா நெடி, காட்டம், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு எல்லாம் வருடங்களில் அடங்கிப்போயிருக்கும். அவை இல்லாததைச் சுவை இல்லை என்று எண்ணி வேகமாக இழுப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம். புகையை வாயில் சில நொடி வைத்திருந்து, முக்கால்வாசியை வெளியே விட்டு, மீதியை மட்டும் மூக்கு வழியாக மெல்ல விடுங்கள். பழைய சுருட்டின் மணம் அங்கேதான் முழுசாகத் தெரியும். மூக்கு எரிந்தால் அளவைக் குறையுங்கள்.

நடுப்பகுதியில்தான் சுவை திறக்கும், காப்பி, பதனிட்ட தோல், லேசான இனிப்பு என்று. எனக்கு இந்தப் பகுதி போதும். கடைசி மூன்றில் ஒரு பங்கை விடாமல் பிடிப்பது வீம்பு.

சாம்பலைத் தட்டாதீர்கள், ஒல்லிச் சுருட்டில் இரண்டு சென்டிமீட்டர் ஆனதும் தானே விழும். அணைந்துவிட்டால் சாம்பலை உதிர்த்து, ஒருமுறை வெளிப்பக்கமாக ஊதிப் பழைய புகையைத் தள்ளிவிட்டுத்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும். விரலுக்குச் சூடு தெரிந்தாலோ கசப்பு வந்தாலோ வைத்துவிடுங்கள். நசுக்க வேண்டாம், நாறும். தானே அணையட்டும்.

பெட்டியில் மீதி இருந்தால் அந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும். புதுச் சுருட்டுகளோடு கலந்து வைத்தால் அவற்றின் நெடி இதில் ஏறிவிடும்.