பேஸ்மென்ட் ஜன்னல் குழி: மேலே தெரியும் ஜல்லியை நம்பாதீர்கள்

குளிர்நாட்டுக்குப் புதிதாக வந்து, பேஸ்மென்ட் உள்ள வீட்டை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடன், பத்திரம், காப்பீடு பற்றியெல்லாம் வழக்கறிஞரும் முகவரும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வாயில் வராத விஷயம் ஒன்று உண்டு. தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் ஜன்னலுக்கு வெளியே, அரைவட்டத் தகரத்தால் தடுப்பு வைத்த ஒரு குழி இருக்கும். விண்டோ வெல் என்பார்கள்.

மண்ணை ஜன்னலிலிருந்து விலக்கி வைக்கத்தான் அந்தக் குழி. வடிகால் இல்லாவிட்டால் மழைக்கு அதுவே தொட்டியாகிவிடும். அதனால் குழியின் அடியிலிருந்து ஒரு குழாய் நேராக இறங்கி, அஸ்திவாரத்தைச் சுற்றிப் புதைத்திருக்கும் துளைக் குழாயில் சேர வேண்டும். அந்தத் துளைக் குழாய்க்கு வீப்பிங் டைல் என்று பெயர்.

என் நண்பர் வாங்கிய வீட்டில் குழி நிறையச் சுத்தமான வெள்ளை ஜல்லி, நடுவில் வடிகால் மூடி. சோதனைக்கு வந்தவர் எட்டிப் பார்த்து 'வடிகால் உள்ளது' என்று எழுதிவிட்டார். பனி உருகும் நேரத்தில் மழையும் சேர்ந்தது. தண்ணீர் ஜன்னல் சட்டத்துக்கு மேலே ஏறி உள்ளே கொட்டியது. கார்ப்பெட் போயிற்று, ஜிப்சம் சுவர் ஊறிப் பூஞ்சை பிடித்தது. கசிவுக்கு இழப்பீடு கிடையாது என்று காப்பீட்டில் கைவிரித்தார்கள். தோண்டிப் பார்த்தால், மூடிக்குக் கீழே முழங்கை நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டு. அது களிமண்ணில் முட்டி நின்றது. கண்ணுக்குக் காட்டுவதற்காகவே யாரோ வைத்திருக்கிறார்கள். குருவி சேர்ப்பதுபோலச் சேர்த்து வீடு வாங்குகிறவனிடம் இப்படிச் செய்ய எப்படி மனம் வருகிறதோ, எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. மூடியைத் தூக்கி உள்ளே ஒரு அளவு நாடாவை விடுங்கள். பேஸ்மென்ட் தரை மட்டம் வரையாவது இறங்க வேண்டும். அப்புறம் தோட்டக் குழாயைத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஒரு வாளி போதாது, அது ஜல்லி இடுக்கிலேயே அடங்கிவிடும். தண்ணீர் தேங்கி ஏறினால் விலை பேசும்போதே அதைச் சொல்லுங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது என்றால், ஒப்பந்தக்காரர் முதலில் சொல்வது புது ஜல்லியும் பிளாஸ்டிக் மூடியும்தான். நண்பருக்கும் அதைத்தான் செய்து பணம் வாங்கிப் போனார்கள். அடைத்த குழிமேல் ஜல்லி கொட்டினால் தண்ணீர் நிற்கும் இடம்தான் குறையும். முதலில் கூரைத் தண்ணீரைத் திருப்புங்கள்: இறங்கு குழாயின் வாய் சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளி இருக்கட்டும். சுவரை ஒட்டிய மண் வெளிப்பக்கம் 10 அடிக்கு 6 அங்குலம் சரியட்டும். பல வீடுகளில் பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

மிச்சத்துக்குத் தோண்டத்தான் வேண்டும். அதற்கு முன் எரிவாயு, மின்சார வழித்தடங்களைக் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். சேறு கலந்த பழைய ஜல்லியை முழுக்க எடுத்துவிட்டு, குழாயை வீப்பிங் டைலோடு இணைத்து, வடிகட்டும் துணி விரித்து, கழுவிய ஜல்லி போட வேண்டும். ஜல்லியின் மேல்மட்டம் ஜன்னல் அடிச்சட்டத்துக்கு 6 அங்குலம் கீழே நிற்கட்டும். இணைப்பை மண் போட்டு மூடுவதற்குமுன் நீங்களே பார்த்துப் படம் எடுங்கள். வீப்பிங் டைலே அடைத்திருந்தால் இத்தனையும் வீண், அதனால் முதலிலேயே உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூடி கடைசியில்தான். அந்த அறையில் யாராவது படுப்பதாக இருந்தால், சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து தள்ளித் திறக்கிற மூடியாக இருக்க வேண்டும். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அந்த ஜன்னல்தான். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் எதையும் தோண்ட வேண்டாம். தண்ணீர் நிற்கும் படத்தைத் தேதியோடு வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.