சூடானதும் இழுக்காத கரிகாஸ் லாரி

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது சென்னை மாகாணத்தில் பஸ்கள் கரிகாஸில், அதாவது உலையில் கரியை அரைகுறையாக எரித்து எடுக்கும் வாயுவில், ஓடின. என் பழைய லாரியும் அதே முறையில்தான் ஓடுகிறது. கிளம்பும்போது நன்றாக இழுக்கும். உலை சூடேறியதும் மேட்டில் திணறி நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

கரியைக் காயவைத்துச் சலித்தேன். வடிகட்டியைக் கழுவினேன். கரிவாயு மெதுவாக எரியும் என்பதால் இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, இன்னும் முன்னே தள்ளினேன். ம்ஹூம். ஆறிய உலையில் காற்றடைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசினால் ஒரு குமிழிகூட இல்லை.

துப்புக் கொடுத்தது பெயின்ட். உலையைவிட்டு வாயு வெளியேறும் குழாயில், ஃபிளாஞ்சை (குழாயை இணைக்கும் விளிம்புத் தகடு) ஒட்டி ஒரு பக்கம் மட்டும் கொப்பளித்துக் கருகியிருந்தது. வண்டி சூடாக ஓடும்போதே அங்கே ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை வளைந்து இடுக்குக்குள் போனது. இன்ஜின் உறிஞ்சுவதால் வாயு வெளியே கசியாது, வெளிக்காற்றுதான் உள்ளே நுழையும். அந்தக் காற்று பட்டு, கரிவாயுவில் எரிபொருளாக இருக்கும் சூடான கார்பன் மோனாக்சைடு குழாயிலேயே எரிந்து வீணாகிறது. மெல்லிய ஃபிளாஞ்ச் சூட்டில் நெளிந்து, ஆறியதும் மூடிக்கொண்டிருக்கிறது. சோப்புக்கு எப்படித் தெரியும்?

தடித்த தகட்டில் புது ஃபிளாஞ்ச் வெட்டி, லேத்தில் முகம் சமன்செய்து, கிராஃபைட் தடவிய கண்ணாடியிழைக் கயிறு வைத்து முறுக்கினேன். அப்பாடா, மேடு ஏறுகிறது. செகண்ட் கியரில்தான், பெட்ரோலின் இழுவை கரியில் வராது.