மதப் பிரச்சினைக்கு ஊர்க்கூட்டம் வைக்கும்போது

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். கோயில், கிறிஸ்தவ சபை என்று பிணக்கு வந்தால் கூட்டறிக்கைக் கொப்பி என் கையில்தான் இருக்கும்.

கூட்டத்துக்கு முதல்நாளே கொப்பியின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் நம்பிக்கை, வலப்பக்கம் நடத்தை. "அந்தப் பிள்ளை ஏன் வேதத்துக்கு மாறினது?" இடப்பக்கம். "ராத்திரி பதினொரு மணிக்கும் ஒலிபெருக்கி" வலப்பக்கம். நாட்டின் அரசியலமைப்பிலும் அந்தக் கோடு இருக்கிறது. விரும்பிய மதத்தை ஏற்க 10ஆம் உறுப்புரை தரும் சுதந்திரத்துக்கு மட்டுப்பாடே கிடையாது. வழிபட, போதிக்க 14ஆம் உறுப்புரை தருவதைப் பொது ஒழுங்கு, மற்றவர் உரிமை போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். ஆகவே வலப்பக்கத்தை மட்டும் கூட்டத்தில் வாசியுங்கள்.

இதை நான் பிந்தித்தான் படித்தேன். ஒருமுறை சபைக்குப் போகத் தொடங்கிய ஒரு பெண்ணை எழுப்பி, "ஏன் போறாய், சொல்லு" என்று கேட்டார்கள். குடைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். ஒரு சொல் வரவில்லை. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. யாரையாவது அப்படி எழுப்பினால் உடனே எழுந்து, "அது கூட்டத்தின் விசயம் இல்லை" என்று சொல்லுங்கள். தலைவர் கோபித்தாலும் பரவாயில்லை.

2024 மார்ச் 8, சிவராத்திரி இரவு வவுனியா வடக்கில் வெடுக்குநாறி மலைச் சிவன் கோயிலில் வழிபட்ட எட்டுப் பேரைப் பொலிசார் பிடித்தபோது எங்கள் ஊரே கொதித்தது. மார்ச் 19இல்தான் வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. அதே ஆட்கள் நாலு வீடு தள்ளி ஒரு ஓலைக் கொட்டிலில் நடக்கும் ஜெபத்தை நிறுத்தச் சொன்னபோது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

சரி, வழிபாட்டைத் தடுப்பது அரச அதிகாரி என்றால் நாட்களை எண்ணுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது. ஊரவர் தடுத்தால் அந்த மனு சரிவராது. பொலிசில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கூட்டம் முடிந்ததும் எழுதியதை உரக்க வாசித்து, இரு தரப்பிடமும் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தாதீர்கள்.