சுங்கச்சாவடியில் பணம் வீணாகும் இடங்கள்: பெங்களூரிலிருந்து ஊருக்குக் கார் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குச் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர் சாலையில் திரும்பும் ஒவ்வொருவரும் சில நொடிகளில் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். மேலே ஏறினால் எலக்ட்ரானிக் சிட்டி வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தடையில்லாத மேம்பாலச் சாலை உண்டு. அதற்குக் கட்டணமும் உண்டு. கீழேயே போனால் அந்தக் கட்டணம் மிச்சமாகும். பொம்மனஹள்ளி, கூட்லு கேட், சிங்கசந்திரா, ஹொச ரோடு என்று ஒவ்வொன்றாகக் கடந்து போக வேண்டும். 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட இந்தச் சாலையைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டு கட்சிகள் இருக்கின்றன: "டோலுக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும்" என்று எந்த நேரமானாலும் கீழேயே போகிறவர்கள் ஒரு பக்கம், இரவு பதினொரு மணிக்குச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும்போதும் பழக்கத்தால் மேலே ஏறுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் செய்வது ஒரே தவறுதான். கட்டணம் நாள் முழுவதும் மாறாமல் இருக்கிறது. அதனால் கிடைக்கும் நேரமோ மணிக்கு மணி மாறுகிறது. மாலை நெரிசலில் அரை மணி நேரம் மிச்சப்படுமானால், முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து எரிக்கும் பெட்ரோலையும் சேர்த்துப் பார்க்கும்போது, மேலே போவது லாபம். ஞாயிறு அதிகாலையில் மிச்சமாவது சில நிமிடங்கள் மட்டுமே என்பதால், அந்த நேரத்தில் அது வெறும் செலவு. கிளம்பும் முன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து இரண்டு வழிகளுக்கும் ஆகும் நேரத்தை ஒப்பிடுவதற்கு அரை நிமிடம் கூட ஆகாது. கட்டணச் சாலை தேவையா என்ற கேள்விக்குப் பொதுவான விடை தேடுகிறவர்கள் இந்த அரை நிமிடத்தைத்தான் தவற விடுகிறார்கள்.

அடுத்த தவறு, அந்தக் கட்டணம் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கோபப்படுவது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2008ஆம் ஆண்டின் கட்டண விதிகள் பொருந்தும். நான்கு வழிச் சாலையில் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு என்று 2007-08ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு விகிதம் வைத்தார்கள். ஆண்டுதோறும் அது 3 சதவீதம் ஏறும்; மொத்த விலைக் குறியீட்டெண் உயர்வில் 40 சதவீதமும் அதன்மேல் சேரும். 60 கிலோமீட்டர் சாலைக்கு அடிப்படை ஆண்டில் 39 ரூபாய் என்று தொடங்கிய கணக்கு, பெட்ரோல் விலை ஏறாத ஆண்டிலும் ஏறுவதற்கு இந்த 3 சதவீதமே காரணம். பாலம், மேம்பாலம், சுரங்கப்பாதை போன்றவை செலவு பிடிப்பவை என்பதால், அவற்றின் ஒரு கிலோமீட்டரைப் பத்துக் கிலோமீட்டராக எண்ணும் முறை இருந்தது. இப்படி எண்ணும்போது வரும் நீளத்துக்கு 2025 ஜூலையில் ஓர் உச்சவரம்பு வைக்கப்பட்டது: சாலைப் பகுதியின் மொத்த நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது. 2008க்கு முன் போடப்பட்ட சாலை ஒப்பந்தங்களுக்கு அவற்றின் பழைய விதிகளே பொருந்துவதால், எல்லாச் சாவடிகளிலும் ஒரே நாளில் விலை ஏறுவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு பகுதிச் சாவடிகளில் ஏப்ரல் 1 அன்றும், மற்றவற்றில் செப்டம்பர் 1 அன்றும் ஏறும். பொங்கலுக்குக் கட்டிய தொகையையே நினைவில் வைத்துக்கொண்டு ஆயுதபூஜைக்குக் கிளம்புகிறவர் சாவடியில் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதற்கு இதுவே காரணம். "போட்ட பணத்தை எடுத்த பிறகும் வாங்குகிறார்களே" என்ற குமுறலும் பரவலாக உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு அரசே கட்டணம் வசூலிக்க விதிகளில் இடம் இருக்கிறது. அந்த விதி நியாயமா என்பதைத் தாராளமாக விவாதிக்கலாம். சாவடியில் ரசீது கொடுக்கும் பையனிடம் விவாதித்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை இன்று மிகப் பெரிய தவறு சாவடிகளுக்கான ஆண்டு பாஸில்தான் நடக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு இது அறிமுகமானது. 200 பயணம் அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். "200 பயணத்துக்கு 3,000 என்றால் ஒன்றுக்கு வெறும் 15 ரூபாய்" என்ற கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தது. அந்தக் கணக்கு 200ஐயும் தீர்ப்பவருக்கு மட்டுமே சரி. இங்கே பயணம் என்பது ஒரு சாவடியை ஒருமுறை கடப்பதைக் குறிக்கும். போய் வந்தால் இரண்டு. நுழைவிலும் வெளியேறும் இடத்திலும் பதிவு செய்து தூரத்துக்கேற்ப வசூலிக்கும் சாலைகளில் மட்டும் இரண்டும் சேர்ந்து ஒரு பயணம் ஆகும். சேலத்துக்கு ஆண்டுக்கு ஆறு முறை போய் வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு நான்கு சாவடிகள் என்று வைத்தால் ஆண்டுக்கு 48 கடப்புகள். அறிமுக விலையான 3,000ஐ 48ஆல் வகுத்தால் ஒரு கடப்புக்கு 62 ரூபாய் 50 காசு ஆகிறது. உங்கள் பாதையில் சராசரிக் கட்டணம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் பாஸ் வாங்கலாம், குறைவாக இருந்தால் வேண்டாம். ஃபாஸ்டேக் (காரின் கண்ணாடியில் ஒட்டும் கட்டண அட்டை) கணக்கில் போன ஆண்டு கழிந்த தொகைகளைக் கூட்டிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். நான் கேட்டவரை, பாஸ் வாங்கியவர்களில் இதைச் செய்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

அந்தப் பாஸ் எங்கே செல்லும் என்பதையும் பலர் பார்ப்பதில்லை. தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச் சாலைகளிலும் மட்டுமே அது செல்லும். மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளில் வழக்கமான ஃபாஸ்டேக் இருப்பிலிருந்துதான் பணம் போகும். கர்நாடக அரசின் ஒப்பந்தத்தில் தனியார் கட்டிய நைஸ் ரோடு தேசிய நெடுஞ்சாலை அல்ல. ஆகவே தும்கூர் சாலையிலிருந்து நைஸ் வழியாக ஓசூர் சாலைக்கு வருகிறவர் அந்தப் பகுதிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான கார், ஜீப், வேன் ஆகியவற்றுக்கு மட்டுமே பாஸ் கிடைக்கும். மஞ்சள் பலகை வண்டிக்குக் கிடையாது. ஒரு வண்டியின் பாஸை இன்னொரு வண்டிக்கு மாற்றவும் முடியாது.

பாஸ் இல்லாதவர்கள் கைவிடும் சலுகை ஒன்று இருக்கிறது. ஒரே சாவடியை 24 மணி நேரத்துக்குள் திரும்பக் கடந்தால் இரு வழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் கட்டணம். ஃபாஸ்டேக்கில் இதற்கென்று தனியாக எதுவும் கேட்க வேண்டியதில்லை. திரும்பும்போது பாதித் தொகை மட்டுமே கழியும். காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரி சாவடியைக் கடந்து கல்யாணத்துக்குப் போனவர், மறுநாள் காலை ஏழு மணிக்கு முன் திரும்பக் கடந்தால் சலுகை உண்டு. பத்து மணிக்கு நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தால் இல்லை. இதற்காக விடியற்காலையில் எழுந்து ஓடி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நேரம் நெருங்கி இருந்தால் கவனித்தால் போதும். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு மாதப் பாஸும் இருக்கிறது. ஓசூரில் வீடு, பெங்களூரில் வேலை என்று அத்திப்பள்ளியைத் தினம் கடப்பவர்கள் தங்களுக்கு எந்தப் பாஸ் பொருந்தும் என்று அந்தச் சாவடி அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலேயே கட்டாயமாகிவிட்டது. இருந்தும் இருப்பைப் பார்க்காமல் கிளம்பும் பழக்கம் போகவில்லை. 2025 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாமல் வருகிறவர் ரொக்கமாகக் கட்டினால் இரு மடங்கும், யுபிஐ மூலம் கட்டினால் 1.25 மடங்கும் தர வேண்டும் என்று ஆனது. 100 ரூபாய்ச் சாவடியில் அது 200 அல்லது 125 ஆகும். இதற்கு நேர்மாறான உரிமை ஒன்றும் இருக்கிறது: உங்கள் ஃபாஸ்டேக்கில் போதிய இருப்பு இருந்து, சாவடியின் கருவி பழுதானதால் படிக்க முடியாமல் போனால், கட்டணமின்றிக் கடக்க 2018ஆம் ஆண்டின் விதித் திருத்தம் இடம் தருகிறது. ஆனால் அட்டையைக் கண்ணாடியில் ஒட்டாமல் கையில் எடுத்து ஆட்டிக் காட்டுகிறவர் இந்த உரிமையைக் கேட்க முடியாது. ஒட்டாத அட்டை முடக்கப்படும்.

இல்லாத உரிமைக்காகச் சண்டை போடுவோரும் உண்டு. வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் இலவசம் என்ற வழிகாட்டுதல் 2021 மே மாதம் வந்தது உண்மைதான். பின்னர் அது விலக்கிக்கொள்ளப்பட்டதை மட்டும் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. சாலை மோசமானால் கட்டத் தேவையில்லை என்போர் கேரளத்தின் பாலியேக்கரா சாவடி வழக்கைக் காட்டுகிறார்கள். அங்கே 2025இல் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தி வைத்தது, உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அது அந்தச் சாவடிக்கான நீதிமன்ற உத்தரவு. குழியில் விழுந்து எழுந்து வரும் ஒவ்வொரு ஓட்டுநரும் தானே பிறப்பித்துக்கொள்ளக்கூடிய உத்தரவு அல்ல. குழியையும் எரியாத விளக்கையும் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணில் புகாராகப் பதிவு செய்யலாம்.

கடைசியாக, குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடும் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், எங்கள் கார் அல்சூர் குடியிருப்பின் தூணுக்கும் சுவருக்கும் நடுவே உறை போர்த்தி நின்றுகொண்டிருந்தபோது, எங்கோ ஒரு சாவடியைக் கடந்ததாகச் செய்தி வந்தது. வண்டி எண்ணைக் கையால் பதியும்போது ஓர் இலக்கம் மாறியிருக்கிறது. உறையோடு நின்ற காரை அன்றைய நாளிதழுடன் சேர்த்துப் படம் எடுத்து, செய்தியில் இருந்த பரிவர்த்தனை எண்ணையும் இணைத்து, ஃபாஸ்டேக் வழங்கிய வங்கியின் செயலியில் புகார் கொடுத்தேன். சில நாட்களில் தொகை திரும்பி வந்தது. பிறகு பழைய செய்திகளைப் பின்னோக்கிப் புரட்டியபோது, நான்கு மாதங்களுக்கு முன் வந்த ஊர்ப் பயணத்தில் ஒரே சாவடிக்கு இரண்டு நிமிட இடைவெளியில் இருமுறை கழிந்திருப்பதும் தெரிந்தது. அதற்கும் புகார் அனுப்பினேன். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது.