உள்ளூர்த் தாவரங்களுக்கு நகராட்சி விதி வகுப்பது எப்படி?

போகிக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் தெருமுனைக் காலிமனையில் ஜே.சி.பி. ஓடியது. பாம்பு வருகிறது என்று பக்கத்து வீட்டார் முறையிட்டதால், மனையின் உரிமையாளர் ஆள் வைத்துச் சுத்தம் செய்தார். பார்த்தீனியத்தோடு சேர்த்து ஆவாரை, பூளை, தும்பை, ஓரமாக நின்ற நொச்சி என்று அனைத்தும் ஒரு மணி நேரத்தில் வழித்தெடுக்கப்பட்டன. போகியன்று காப்புக் கட்டுவதற்காக அதே ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் வேப்பிலையோடு சேர்த்துக் கட்டிய கொத்துகளைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கினோம். உரிமையாளர் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே சொல் ‘புதர்’. காக்க வேண்டிய செடியையும் களைய வேண்டிய செடியையும் பிரித்துச் சொல்லும் விதி எதுவும் அவர் கையில் இல்லை. அத்தகைய விதியைத் தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளும் ஓசூர் மாநகராட்சியும் எப்படி உருவாக்கலாம் என்பதை, வார்டு உறுப்பினர்களையும் குடியிருப்போர் சங்கத்தாரையும் மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

உள்ளாட்சியின் அதிகாரம் எதுவரை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கட்டட அனுமதி, மனைப்பிரிவு ஆகியவை மாநில அரசின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் கீழ் வருகின்றன. அவற்றை நகராட்சி தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் பூங்காக்கள், தெருவோரங்கள், சாலை நடுத்திட்டுகள், ஏரிக்கரைகள், நகராட்சிப் பள்ளி வளாகங்கள், பெரிய மனைப்பிரிவுகளில் பொதுத் திறந்தவெளியாக ஒப்படைக்கப்படும் 10 விழுக்காட்டு ஓ.எஸ்.ஆர். நிலங்கள் ஆகியவற்றில் என்ன நட வேண்டும் என்று முடிவு செய்ய மன்றத் தீர்மானம் ஒன்றே பெரும்பாலும் போதும். துணை விதி இயற்றி, அரசின் ஒப்புதல் பெற்று, அரசிதழில் வெளியிடுவது நீண்ட வழி. அதையும் தொடங்கலாம், ஆனால் அது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தன் சொந்த நிலத்தில் கொரியன் புல்லை விரித்துவிட்டு, குடிமக்களிடம் ஆவாரை நடச் சொல்லும் நகராட்சியின் பேச்சு எடுபடாது என்பதால், தன் நிலத்திலிருந்து தொடங்குவதே முறை.

அங்கும் தீர்மானத்தைவிட வலிமையானது மதிப்பீடு. ஒரு பூங்காவின் தோற்றத்தை உண்மையில் தீர்மானிப்பது, பொறியியல் பிரிவில் தயாராகும் எஸ்டிமேட்டில் இருக்கும் நான்கைந்து வரிகளே. சதுர அடிக் கணக்கில் கொரியன் புல், எண்ணிக்கைக் கணக்கில் அலங்காரப் பனை, வேலியோரத்துக்கு வெட்டி வளர்க்கும் அந்நியச் செடி என்று பழைய மதிப்பீட்டின் வரிகள் புதியதிலும் அப்படியே படியெடுக்கப்படும்போது, மன்றம் எத்தனை நல்ல தீர்மானம் போட்டாலும் ஒப்பந்ததாரர் எழுதப்பட்டதைத்தான் நடுவார். ஆகவே உறுப்பினர்கள் கடைசியாக அமைக்கப்பட்ட ஒரு பூங்காவின் மதிப்பீட்டு நகலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் மாற்றாக உள்ளூர்த் தாவரம் ஒன்றை எழுதி, அந்த மாற்று வரிகளைத் தீர்மானத்தின் இணைப்பாகச் சேர்க்க வேண்டும். புல்தரைக்குப் பதில் அருகம்புல், வேலிக்குக் கிளுவை அல்லது நொச்சி, பூவுக்கு ஆவாரை, நிழலுக்குப் புங்கன் என்று அது அமையலாம். ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருக்கும் கன்றுகளை எண்ணிய பிறகே விடுவிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அங்கேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது பட்டியல். நூலகத்தில் அமர்ந்து தயாரிக்கும் பட்டியல் வேறோர் ஊருக்கான பட்டியலாகிவிடும். நம்முடையது ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெறும் வறண்ட இலையுதிர் காடும் முட்காடும் உள்ள பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் என்று பெருமையாகக் கொண்டுவந்து நட்டாலும், பென்னாகரம் சாலையின் வெயிலில் அது நிற்காது. 2022இல் காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடுகள் இந்த இரு மாவட்டங்களிலும் இருக்கின்றன. நமக்கான பட்டியல் அங்கே நின்றுகொண்டிருக்கிறது. வனத்துறை அலுவலர், அரசுக் கல்லூரியின் தாவரவியல் ஆசிரியர், ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் ஆகியோருடன் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் நடந்து எழுத வேண்டும். மேய்ப்பவரை மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. எந்தச் செடியை ஆடு தொடாது, எது பங்குனி வெயிலிலும் தழைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அப்படி நடந்தால் கிடைக்கக்கூடியவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். ஆழ வேரோடி வறட்சியைத் தாங்கும் ஆச்சா. அரப்புத் தூளுக்கு இலை தரும் உசிலை. வெள்வேல், வெப்பாலை, ஆத்தி, சரக்கொன்றை, புரசு. நீரோட்டம் உள்ள இடங்களில் நீர்மருதும் நாவலும். குறுஞ்செடிகளில் ஆவாரை, விராலி, நொச்சி, ஆடாதோடை. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி தந்த தகடூர் இது. மலையில் தானாக வளரும் அந்தக் காட்டு நெல்லி நகரப் பூங்கா ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. சரக்கொன்றையையும் ஆவாரையையும் நட்டால் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் அவற்றின் இலையில் முட்டையிடும். புழுக்கள் இலையைத் தின்னும். அதைப் பூச்சித் தாக்குதல் என்று எண்ணி மருந்தடிக்கக் கூடாது என்ற குறிப்பும் பட்டியலின் ஓரத்தில் இருக்க வேண்டும்.

புளியைப் பற்றிக் கட்டாயம் கேள்வி எழும். தாவரவியல்படி அதன் தாயகம் ஆப்பிரிக்கா. ஆனால் புளிய மரமில்லாத தருமபுரிச் சாலையை யாரால் நினைக்க முடியும்? அதனால் பட்டியலை மூன்றாகப் பிரிப்பது நல்லது: ஊக்குவிக்க வேண்டிய உள்ளூர்த் தாவரங்கள் (இதுவே விதியின் அட்டவணை 1), புளி போல நெடுங்காலம் நம்மோடு வாழ்ந்து, பாதுகாக்கப்பட வேண்டிய, ஆனால் புதிய நடவுக் கணக்கில் சேராத மரபு மரங்கள், நடக்கூடாதவை. மூன்றாவதில் சீமைக் கருவேலம், உண்ணிச்செடி, கோனோகார்பஸ் என்னும் அந்நிய அலங்கார மரம் ஆகியவை இடம்பெறும். குஜராத் அரசு 2023இல் கோனோகார்பஸை நடத் தடை விதித்தது. தமிழ்நாடும் 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆகவே மன்றத்தில் யாரேனும் இது புதுமையான வேலை என்று தயங்கினால் சுட்டிக்காட்ட முன்மாதிரிகள் உண்டு.

விதியின் உயிர்நாடி புதர் பற்றிய பிரிவுதான். அதைச் சரியாக எழுதாவிட்டால், ஆர்வத்தோடு ஒருவர் வளர்த்த தோட்டத்துக்கே சுகாதாரப் பிரிவின் அறிவிப்பு வந்து சேரும். இப்படி எழுதலாம்: “அட்டவணை 1இல் உள்ள தாவரங்களைக் கொண்டதும், தெரு விளிம்பிலிருந்து 2 அடி அகலத்துக்குத் தாழ்வாகக் கத்தரிக்கப்பட்டதும், தெருமுனையில் வாகன ஓட்டிகளின் பார்வையை மறைக்காததும், குப்பையோ தேங்கிய நீரோ இல்லாததுமான நிலம், பராமரிக்கப்படும் உள்ளூர்த் தாவரத் தோட்டம் எனக் கொள்ளப்படும், புதர் அகற்றும் அறிவிப்பு இதற்குப் பொருந்தாது.” அந்த 2 அடி விளிம்பு சிறியதாகத் தோன்றினாலும், இந்தச் செடிகள் யாரோ ஒருவர் பேணுபவை என்பதைத் தெருவில் போகிறவருக்கு அதுவே சொல்கிறது. பாம்பைப் பற்றிய அச்சம் நியாயமானது. அதை ஒதுக்கிப் பேசக் கூடாது. பாம்பை ஈர்ப்பவை எலியும், எலிக்கு இடம் தரும் கட்டட இடிபாடும் குப்பையுமே என்பதால், அவற்றை உடனே அகற்றும் கடமையை உரிமையாளர் மீது விதி வைக்க வேண்டும்.

தெரு மரங்களுக்கு இரண்டு கட்டளைகள் போதும். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, ஆத்தி, வெப்பாலை போன்ற உயரம் குறைந்தவற்றை மட்டுமே நட வேண்டும்; ஆலும் அரசும் ஏரிக்கரைக்கும் விரிந்த வெளிக்கும் உரியவை, சாக்கடை ஓரத்துக்கு அல்ல. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணை மூடக் கூடாது; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்கு இட்ட உத்தரவும் இதுவே. பேவர் பிளாக் பதிக்கும் ஒப்பந்தத்திலும் இந்த வரி இருந்தாக வேண்டும். நெருக்கி நடும் மியாவாக்கி முறையை எல்லா இடத்திலும் கடைப்பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மரங்களுக்கிடையே வெளிச்சமும் புல்லும் இருப்பதே நம் காட்டின் இயல்பு.

வீட்டுக்காரர்களை ஈர்க்கச் சொத்து வரித் தள்ளுபடி பற்றிப் பலர் பேசுவார்கள். அதற்கு அரசின் இசைவு தேவை. நிதி நெருக்கடியில் உள்ள நகராட்சியால் தாங்கவும் முடியாது. கட்டட அனுமதிக் கடிதத்தோடு பட்டியலையும் ஐந்து கன்றுகளுக்கான சீட்டையும் கொடுத்து, மாநில அரசின் மரம் நடும் திட்டமான பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் நாற்றங்காலில் பெற்றுக்கொள்ளச் செய்வது எளிது. தண்ணீர்க் கணக்கைச் சொன்னால் மக்கள் உடனே புரிந்துகொள்வார்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இந்த மாவட்டங்களுக்கு 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவருகிறது. குடிப்பதற்காக அவ்வளவு தூரம் வரும் நீரைப் புல்தரைக்கு ஊற்றுவது எந்தக் குடும்பத்துக்கும் ஒப்பாது. உள்ளூர்க் கன்றுக்கு முதல் இரண்டு கோடைகள் நீர் வார்த்தால், பிறகு மழையே பார்த்துக்கொள்ளும். கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை 2003இல் வந்த மழைநீர்ச் சேகரிப்பு விதியில் பார்த்தோம்: அக்கறையோடு அமைத்த வீடுகளில் கிணறு ஊறியது; சான்றுக்காகக் குழாய் பொருத்திய வீடுகளில் குழாய் மட்டும் நின்றது.

வரைவு ஆயத்தமானதும் அதை முதலில், வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடும் பகுதி சபைக் கூட்டங்களில் வாசிக்க வேண்டும். 2022இல் வந்த விதிகளின்படி அமைந்த இந்தச் சபைகளில் துப்புரவுப் பணியாளர்களையும் அழைத்து, அட்டவணையிலுள்ள செடிகளின் கிளைகளையே கொண்டுவந்து காட்ட வேண்டும். அரிவாளைப் பிடிக்கும் கைக்கு இலையின் அடையாளம் தெரியாத வரை விதி தாளிலேயே இருக்கும். ஆட்சேபங்களைப் பெற்றுத் திருத்திய பிறகு மன்றத்தில் வைக்கலாம். பொது இடத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கான அனுமதி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் இருப்பதால் அதற்கும் ஒரு படி அனுப்ப வேண்டும்.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆடி, ஆவணியில் நடுவதற்குக் கன்று வேண்டுமானால், முந்தைய ஆண்டே நாற்றங்காலில் சொல்லி வைத்திருக்க வேண்டும். புங்கன் காய்கள் கோடையில் முற்றும், வேப்பங்கொட்டையோ பழுத்த சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். எனவே தீர்மானத்தைத் தை மாதக் கூட்டத்திலேயே கொண்டுவந்து, விதை சேகரிப்புக்கான சிறு தொகையை அதே நாளில் ஒதுக்கச் செய்யுங்கள்.